சம்பந்தி வீட்டுச் செடி

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திடு கண்ணு. எனக்கில்லை, இந்தக் கூடையில இருக்கிறதுக்கு. காத்து நேரா அடிக்கக்கூடாதாம். அடிக்கணும்னும் சொல்றாங்க. யாரு எதைச் சொன்னாங்கன்னு எனக்கே குழம்பிப்போச்சு. எதுக்கும் சாத்திடு.

இஞ்சி இல்லை இது. நீ பாக்கிற பார்வையிலயே தெரியுது, இஞ்சின்னுதான் நினைக்கிற. கண்டக்டரு சேப்பங்கிழங்கான்னு கேட்டாரு. பஸ் ஸ்டாண்டுல பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, விதை மஞ்சளா, எங்க கிடைக்குதுன்னு கேட்டுட்டு எந்திரிச்சுத் தேடவே போயிடுச்சு. இது ஆர்க்கிட். கல்யாண மேடையில ஊதா ஊதாவா வைப்பாங்களே, அந்த ஜாதி. இதுக்குப் பேரு சிம்பிடியம். இப்போதைக்குப் பேரு மட்டும்தான் இருக்கு. பூவும் இல்லை, இலையும் இல்லை, மொட்டைக் கிழங்கு. ஓரத்துல பச்சையா ஒரு மூக்கு நீட்டிக்கிட்டிருக்கு பாரு, அது முளை. அந்த முளைக்காகத்தான் நான் இன்னைக்கு ஏற்காட்டு மலை ஏறுறேன். அதை என் ஓரகத்தி வசுமதி கையில கொடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல இறங்கிடுவேன். அவ வீட்டுல இன்னைக்கு என்னமோ விசேஷமாம். அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

பட்டுப்புடவையை ஏன் பாக்கிற? மத்ததெல்லாம் சலவைக்குப் போட்டிருக்கு.

எம்பேரு புஷ்பவல்லி. பேருல இருக்கிற பூவோட சரி, என் கையில ஒரு கனகாம்பரம்கூட உருப்படியா வளர்ந்ததில்லை. சேலத்துல செவ்வாப்பேட்டை. எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. காலையில போனாருன்னா பொழுது சாஞ்சுதான் வருவாரு. ஒரே பையன், பெங்களூருல இருக்கான். நான் வீட்டுல என்ன பண்ணுவேன் சொல்லு. ஏதாவது ஒரு சங்கத்துல சேருவேன். இந்தி கிளாஸ் போனேன். அந்த டீச்சருக்குத் தமிழ் நல்லா வந்துச்சு, எனக்கு இந்தி வரலை. பார்க்குல சிரிப்புச் சங்கம்னு ஒண்ணு, காலங்காத்தால வட்டமா நின்னு சிரிக்கிறது. ஒண்ணு ரெண்டு மூணு சொன்னதும் எல்லாரும் சேர்ந்து சிரிக்கணும். எனக்கு ஒண்ணு சொல்லும்போதே சிரிப்பு வந்துடும், மூணு சொல்றப்ப நின்னுடும். நீங்க மத்தவங்களையும் கெடுக்கிறீங்க, வீட்டுலயே சிரிச்சுக்குங்கன்னுட்டாங்க. சிரிப்புச் சங்கத்துலயே வேணாம்னு சொன்ன ஆளு நான்.

அப்புறம்தான் இந்த ஆர்க்கிட். முந்தின வருஷம் கோடை விழாவுக்கு ஏற்காடு வந்திருந்தோம். மலர்க் கண்காட்சியில ஒரு மேசை முழுக்க ஆர்க்கிட்டா வெச்சிருந்தாங்க. ஒரு பூ, மெழுகுல செஞ்ச மாதிரி பளபளன்னு இருக்குது. இது பிளாஸ்டிக்தான், நம்மள ஏமாத்துறாங்கன்னு எனக்கு ஒரு நினைப்பு. கூட வந்தவங்ககிட்டச் சொன்னா நம்பலை. நிரூபிச்சுக் காட்டறேன்னு நகத்தால கிள்ளிட்டேன். கண்ணு, அது பூ. நிஜப் பூ. பச்சைத் தண்ணி மாதிரி கசிஞ்சு என் நகத்துல ஒட்டிக்கிச்சு. தலை நிமிர்ந்தா எதிர்ல வெள்ளைத் தாடி வெச்ச ஒரு பெரியவரு என் கையையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஆர்க்கிட் சங்கத்துத் தலைவரு, பெனடிக்ட் சார்னு பேரு. அந்தப் பூவுக்குத்தான் அன்னைக்கு முதல் பரிசு கொடுக்கிறதா இருந்தாங்களாம்.

வாயில வந்தது, "சார், மெம்பரா சேரலாம்னு வந்தேன்." இப்படித்தான் சேர்ந்தேன். ஆசைப்பட்டு இல்லை, மாட்டிக்கிட்டு.

முதல் கூட்டத்துக்குப் போனேன். சேலத்துலதான், ஒரு ஸ்கூல் ஹால்ல, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கூடுவாங்க. சங்கம்னா பெரிய இடத்து ஆளுங்க வருவாங்கன்னு நினைச்சு, நெக்லஸ் போட்டு, பட்டுக் கட்டிக்கிட்டுப் போனேன். அங்க பாத்தா எல்லாரும் பழைய சட்டை, நகத்துல கரி, கையில செங்கல் துண்டு. என்னைப் பாத்து ஒருத்தரு எந்திரிச்சு வணக்கம் சொல்லி, சிறப்பு விருந்தினர் நாற்காலியில உக்கார வெச்சுட்டாரு. நானும் உக்காந்துட்டேன். நிஜ விருந்தினர் வந்தப்புறம்தான் எழுப்பிவிட்டாங்க.

அந்தச் சங்கத்துல ஒரு வழக்கம் இருக்கு. புதுசா சேர்றவங்க கடையில செடி வாங்கக்கூடாது. பழைய மெம்பர் ஒருத்தரு தன் செடியிலிருந்து ஒரு துண்டைப் பிரிச்சுக் கொடுப்பாரு. அந்தத் துண்டுக்குப் பேரு பிள்ளை. கொடுத்தவங்களும் வாங்கினவங்களும் அன்னைக்கிலிருந்து சம்பந்தி. நிஜமாவே அப்படித்தான் கூப்பிட்டுக்கிறாங்க, சம்பந்தி சௌக்கியமா, சம்பந்தி டீ சாப்பிட்டீங்களான்னு. சம்பந்திக்கு உரிமையும் உண்டு. எப்ப வேணா, சொல்லாம கொள்ளாம வந்து, கொடுத்த பிள்ளை எப்படி இருக்குதுன்னு பாக்கலாம். முதல் பூ பூத்தா தொட்டியைத் தூக்கிட்டுப் போயி கொடுத்தவங்க வீட்டுல காட்டணும். தாய்ச்செடி செத்துப்போச்சுன்னா, பிள்ளையில பாதியைத் தாய்வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கணும். எல்லாமே நேர்ல போயி. ஆள்கிட்டக் கொடுத்தனுப்பக்கூடாது. அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. மனுஷங்களை மதிக்கத் தெரிஞ்ச சங்கம்னு நினைச்சேன்.

யாரு யாருக்குப் பிள்ளை கொடுக்கிறதுன்னு சொம்புல சீட்டுப் போட்டுக் குலுக்கினாங்க. பெனடிக்ட் சார் ஒரு சீட்டைப் பிரிச்சு, "புதுசு, புஷ்பவல்லி அம்மா. கொடுக்கிறவங்க, ஏற்காடு வசுமதி அம்மா"ன்னாரு. எல்லாரும் கை தட்டறாங்க. டீ கேனுக்குப் பக்கத்துலேருந்து ஒருத்தி வர்றா. எங்க வசுமதி. என் கொழுந்தனார் பொண்டாட்டி. கல்யாணமாகி வந்ததிலேருந்து அக்கா அக்கான்னு என் பின்னாலயே சுத்தினவ. அன்னைக்கு அவ மூஞ்சியை நான் பாத்து வருஷக்கணக்காச்சு. அவளும் அங்க மெம்பருன்னு எனக்கு எப்படித் தெரியும்? உலகத்துல இத்தனை சங்கம் இருக்க, நான் போயி கிள்ளின பூ இவ சங்கத்துப் பூவாவா இருக்கணும்?

ஏன் பேச்சில்லைன்னு கேக்கிற. சொல்றேன், நீயே நியாயம் சொல்லு.

கொழுந்தனாரு மலையிலே காப்பித் தோட்டத்தைப் பாத்துக்கிட்டாரு. அவரு பொண்ணு தாரிணி படிப்புக்காக ஆறாம் கிளாஸ்லேருந்து காலேஜ் முடியிற வரைக்கும் எங்க வீட்டுலதான் இருந்தா. எனக்குப் பொண்ணு இல்லை. அவதான் பொண்ணு. தினம் தலை பின்னி விட்டவ நான். வயசுக்கு வந்தப்ப அழுதுக்கிட்டு ஓடி வந்தது என்கிட்ட. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை வருது கண்ணு. யாரு கையில? தோட்டத்து ஜீப் டிரைவர் கையில. ஒரு வெத்தலை இல்லை, பாக்கு இல்லை, குங்குமம் இல்லை. கேட்டுல நின்னு ஒரு கவரை நீட்டறாரு அந்த ஆளு, பொது ஜனங்களுக்குக் கொடுக்கிற மாதிரி. என்னங்க இதுன்னு கேட்டா, அம்மாவுக்குக் காலு சரியில்லைங்க, அதான் என்கிட்டக் கொடுத்தனுப்பிச்சாங்கங்கறாரு.

காலு ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தாளாம். காப்பிச் சரிவுல வழுக்கி விழுந்தாளாம். இருக்கட்டுமே. கொழுந்தனாருக்குக் காலு நல்லாத்தானே இருந்துச்சு? அவரு ஆஸ்பத்திரியில அவகூட இருந்தாருன்னு அப்புறம் சொன்னாங்க. போன் பண்ணினா. பண்ணினா, இல்லைங்கலை, திரும்பத் திரும்பப் பண்ணினா. நான் எடுக்கலை. போன்ல கூப்பிட்டா அது அழைப்பா? கட்டோட ஜீப்புல ஏறி வந்திருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?

நான் போகலை. எங்க வீட்டுக்காரரும் பையனும் போனாங்க. வளர்த்த பொண்ணு கழுத்துல தாலி ஏறுற நேரத்துல நான் அடுப்படியில நின்னு வெண்டைக்காய் வதக்கினேன். கருகிப்போச்சு. அன்னைக்குப் பொண்ணு தலையில மல்லிகைக்கு நடுவுல வசுமதி வளர்த்த ஆர்க்கிட்டைத்தான் வெச்சாங்களாம். இளம்பச்சைப் பூ, நடுவுல ரத்தச் சிவப்பா ஒரு நாக்கு. போட்டோவை என் பையன் போன்ல காட்டினான். பெருசு பண்ணிக் காட்டுடான்னேன். பூவைத்தான் பாத்தேன்.

அந்தச் செடியோட பிள்ளைதான் இது. இப்பப் புரியுதா? சொம்புல கையை விட்டு, என் தலையெழுத்தை எடுத்துக் கொடுத்தாரு பெனடிக்ட் சார்.

வசுமதி என் பக்கமே பாக்காம, ஒரு நியூஸ் பேப்பர்ல சுத்தின செடியை மேசையில வெச்சா. நல்ல செடி, நீள நீளமா இலை. "சார், தினம் தண்ணி ஊத்த வேணாம்னு அவங்ககிட்டச் சொல்லுங்க"ன்னா. "தெரியும்னு சொல்லுங்க சார்"னேன் நான். "மண்ணுல நட வேணாம்னு சொல்லுங்க, கரியும் செங்கல்லும் போதும்." "அதுவும் தெரியும்னு சொல்லுங்க." "ரொம்பக் கவனிக்கவே வேணாம், அது பாட்டுக்கு விட்டா போதும்னு சொல்லுங்க." ரெண்டு பேரும் கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறோம். நடுவுல அவரு பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்றாரு. சம்பந்திங்க ரெண்டு பேரும் ரொம்ப மரியாதைப்பட்டவங்க போலிருக்குன்னு பின்னால யாரோ சொன்னாங்க.

எனக்கு ஒண்ணுமே தெரியாது கண்ணு. ஆனா ஒண்ணு பட்டுன்னு புரிஞ்சுது. கவனிக்க வேணாம், தண்ணி ஊத்த வேணாம்னு ஒருத்தி சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? செடி சாகட்டும், பாத்தீங்களா, அக்காவுக்கு ஒரு செடி வளர்க்கத் துப்பில்லைன்னு நாலு பேரு முன்னால சொல்லலாம்னுதானே அர்த்தம்? விடுவேனா நான்?

வீட்டுக்கு வந்து செம்மண்ணு, மாட்டுச்சாணம் போட்டு நட்டேன். காலையில ஒரு தண்ணி, மதியம் ஒரு தண்ணி. அரிசி கழுவின தண்ணி, பருப்பு கழுவின தண்ணி, மோரு. சேலத்து வெயிலு தாங்காதேன்னு ஹால்ல ஃபேனுக்கு அடியில வெச்சேன். எங்க வீட்டுக்காரரு சாப்பிட உக்காந்தா அவருக்கு ஃபேன் இல்லை, இதுக்கு இருந்துச்சு. சாம்பிராணிகூடப் போட்டேன். ஒரு நாள் அவரு என்னைப் பாத்து, "செடிக்கு மூச்சு விடவாவது நேரம் கொடு"ன்னாரு. நான் கேட்டனா?

இலை மஞ்சளாச்சு. சத்துக் குறைவுன்னு மோரை அதிகப்படுத்தினேன்.

அந்தச் சமயத்துலதான் வசுமதி வந்தா. சம்பந்தி உரிமை. கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு, "மாமா, செடி பாக்க வந்தேன்"னு எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டா. லேசா காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்து உள்ள வந்தா. நான் அடுப்படியை விட்டு வெளிய வரலை. ஆனா வீட்டுக்கு வந்தவளைச் சும்மா அனுப்ப முடியுமா, காப்பி போட்டு அவருகிட்டக் கொடுத்துவிட்டேன். அவளுக்குச் சக்கரை கம்மியா, டிகாஷன் தூக்கலா இருக்கணும். அப்படித்தான் போட்டேன், கை பழக்கம். அவ தொட்டியைத் தூக்கி அடியில மோந்து பாத்தா. தட்டுல நின்ன தண்ணியை வாசல்ல கொட்டினா. காப்பியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சுட்டுப் போனா. என் வீட்டுக்கு வந்து என் தண்ணியைக் கொட்டிட்டுப் போறா பாருங்கன்னு நான் அவருகிட்டக் கத்தினேன். உடனே திரும்ப ஊத்தினேன்.

அப்புறம் என்ன, இலையெல்லாம் ஒவ்வொண்ணா கையோட வந்துச்சு. கடைசியில மொட்டை. அந்த நேரம் பாத்து சங்கத்துல அறிவிப்பு, புது மெம்பருங்க எல்லாரும் அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து மேசையில வைக்கணுமாம். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. மொட்டைக் கிழங்கை அவ முன்னால எப்படிக் கொண்டுபோயி வைக்கிறது? யோசிச்சு யோசிச்சு ஒரு வேலை பண்ணினேன். எதிர் வீட்டுல எலுமிச்சம்புல் வளர்த்தாங்க. அதோட இலையும் நீள நீளமா, பச்சையா, பாக்கிறதுக்கு இதே மாதிரிதான் இருக்கும். ஒரு கத்தையைப் பிடுங்கிட்டு வந்து கிழங்கைச் சுத்தி நட்டுட்டேன். தள்ளி நின்னு பாத்தேன். வசுமதி கொடுத்ததைவிட நல்லா இருந்துச்சு. நானே மயங்கிட்டேன்.

மேசையில வெச்சேன். எல்லாரும் பாராட்டறாங்க. சேலத்து வெயில்ல எப்படிங்க இவ்வளவு செழிப்புன்னு ஒருத்தரு குறிப்பெடுத்துக்கிட்டாரு. மோரு ஊத்தினேன்னேன், அதையும் எழுதிக்கிட்டாரு. பெனடிக்ட் சார் வந்தாரு. குனிஞ்சாரு. ஒரு இலையை ரெண்டு விரலால நீவினாரு. விரலை மூக்குக்கிட்டக் கொண்டுபோனாரு.

"அம்மா, இதுல டீ போடலாம் போலிருக்கே"ன்னாரு.

பின்னால இருந்தவங்களெல்லாம் எந்திரிச்சு நிக்கிறாங்க. பூமி பிளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு எனக்கு. அப்ப வசுமதி முன்னால வந்தா. "சார், அது துணைப்புல்லு. சேலத்து வெயிலுக்குக் கிழங்குக்கு நிழல் வேணும்னு நான்தான் வைக்கச் சொன்னேன்"னா. ஓ அப்படியான்னு எல்லாரும் உக்காந்துட்டாங்க. மோரு எழுதினவரு துணைப்புல்லும் எழுதிக்கிட்டாரு.

பாத்தியா அவ வேலையை? கஷ்டப்பட்டுப் பிடுங்கி நட்டது நான். நான்தான் வைக்கச் சொன்னேன்னு பேரை அவ தட்டிக்கிட்டுப் போறா. நீ ஏன் சிரிக்கிற? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிச்சாரு. அவ உன்னைக் காப்பாத்தியிருக்கான்னாரு. அவருக்கு அவங்க வீட்டு ஆளுங்களை விட்டுக்கொடுக்க மனசு வராது.

அன்னைக்கோட சங்கத்தை விட்டுட்டேன். விட்டுட்டேன்னா, போறதை நிறுத்திட்டேன். வாட்ஸ்அப் குரூப்பிலேருந்து வெளிய வர எனக்குத் தெரியலை, அதனால அதுல மட்டும் இருந்தேன். புல்லைப் பிடுங்கி எறிஞ்சேன். கிழங்கை மாடிக்கு எடுத்துட்டுப் போயி தண்ணித் தொட்டிக்குப் பின்னால வீசினேன். அங்க எங்க வீட்டுக்காரரு பட்டறைக் கரியைக் கொட்டி வெச்சிருப்பாரு, வெள்ளி உருக்கின கரி. அது மேல விழுந்துச்சு. ஒழிஞ்சுது சனியன்னு இறங்கி வந்துட்டேன். ஒரு மழைக்காலம் போச்சு, ஒரு வெயில் போச்சு, மறுபடியும் மழை வந்துச்சு, நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை.

அந்த மழையில ஒரு நாள் பெனடிக்ட் சார் குரூப்ல போட்டாரு. வசுமதி அம்மாவோட தாய்ச்செடி கறுப்பு அழுகல் வந்து மொத்தமும் போயிடுச்சு, அதோட பிள்ளை யாருகிட்டயாவது இருக்கான்னு. முன்னால அவகிட்ட வாங்கினவங்க ரெண்டு பேரு. ஒருத்தரு செடியோட ஊரை விட்டே போயிட்டாரு. இன்னொருத்தரு செடியை ஆடு தின்னுடுச்சாம். மூணாவது நான். வசுமதி ஒண்ணுமே கேக்கலை. கும்பிடுற கை ஒண்ணு போட்டா, அவ்வளவுதான்.

எனக்கு எப்படியோ ஆயிப்போச்சு கண்ணு. தாரிணி தலையில வெச்ச பூ. நான் போட்டோவுல மட்டும் பாத்த பூ. இனிமே யாருமே பாக்க முடியாதான்னு தோணுச்சு. முட்டி வலியோட மாடிப்படியை எப்படி ஏறினேன்னு தெரியலை. தொட்டிக்குப் பின்னால மண்டி போட்டுக் கரியைக் கையால கிளறினேன். புடவையெல்லாம் கரி. இருந்துச்சு. சுருங்கிக் கிடந்துச்சு, ஆனா கல்லு மாதிரி இருந்துச்சு, ஓரத்துல இந்த மூக்கு. தொட்டியிலேருந்து சொட்டுற தண்ணி போதுமா இருந்திருக்கு. கரி போதுமா இருந்திருக்கு. நான் இல்லாததுதான் ரொம்பப் போதுமா இருந்திருக்கு. ஃபேன் போட்டு, மோரு ஊத்தி, சாம்பிராணி காட்டினப்பச் செத்தது, சனியன்னு வீசினப்புறம் பிழைச்சுக்கிச்சு. அங்கேயே உக்காந்து அழுதேன். கீழ இருந்து அவரு என்னாச்சுன்னு கத்தறாரு. வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன்.

அதுக்கப்புறம் நான் இதைத் தொடவே இல்லை, நம்பு. தூரமா நின்னு பாத்துட்டு இறங்கிடுவேன்.

சொல்லியிருக்கலாம்தான் அவகிட்ட. சொல்லலை. அவ கேக்கட்டுமேன்னு இருந்தேன். இப்ப நாலு நாளைக்கு முன்னால குரூப்ல ஒரு பத்திரிகை வருது. தாரிணிக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு, சங்கத்து நண்பர்கள் எல்லாரும் வரணும்னு. குரூப்ல போட்டா அது அழைப்பா? எனக்குத் தனியாவும் ஒண்ணு வந்துச்சு. அக்கா, நேர்ல வந்து கூப்பிடணும், என்னைக்கு வீட்டுல இருப்பீங்கன்னு. நான் படிச்சேன், பதில் போடலை. வர்றவ வரணும், இருப்பீங்களான்னு என்ன கேள்வி? நான் எங்க போயிடப்போறேன்? அவ வரலை. நான் பதில் போடாததாலதான் வரலைங்கறாரு எங்க வீட்டுக்காரரு. அவரு நேத்தே போயாச்சு, அவங்க தம்பி வீடாச்சே.

அதனால நான் வளைகாப்புக்குப் போகலை. அதைத் தெளிவா புரிஞ்சுக்கோ. கூப்பிடாத வீட்டு வாசப்படியை நான் மிதிக்கிறவ இல்லை. சங்கத்துச் சட்டப்படி தாய்வீட்டுக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கப் போறேன். பாதி கொடுக்கணும், இருக்கிறதே ஒரு கிழங்கு, முழுசா கொடுத்துட வேண்டியதுதான். அது இன்னைக்குன்னு அமைஞ்சுபோச்சு.

அந்தக் கட்டைப்பையிலா? அது வளையல் சத்தம்தான். கண்ணாடி வளையல், சும்மா வாங்கி வெச்சேன். பச்சையும் சிவப்பும். தாரிணிக்குக் கை ரொம்ப ஒல்லி, சின்ன அளவுதான் சேரும், மாத்தி வாங்கிட்டா கழண்டு விழுந்துடும். டப்பாவுல இருக்கிறது புளியோதரை. எனக்குப் பசிக்குமேன்னு எடுத்துக்கிட்டேன். ஆமா, பெரிய டப்பாதான். எனக்குப் பசி அதிகம்.

இது எத்தனாவது வளைவு? அதுக்குள்ளயா? இன்னைக்கு இந்த டிரைவருக்கு என்ன அவசரம்?

கண்ணு, நீ ஏரிக்கிட்ட தானே இறங்கற? ஒரு உதவி பண்றியா? ஏரியைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தா மஞ்சள் கேட்டு, வாழைமரம் கட்டியிருக்கும், தப்பவே தப்பாது. இந்தா பிடி, இந்தக் கூடையையும் பையையும் அங்க கொடுத்துடு. நான் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருக்கேன். இத்தனை வருஷம் கழிச்சு, அத்தனை ஜனத்துக்கு நடுவுல, பட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டு நான் எப்படி உள்ள நுழையறது? கல்யாணத்துக்கு வராதவ சோத்துக்கு வந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா? தாரிணி பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா நான் தாங்குவேனா? நீயே கொடுத்துடு. உள்ளகூடப் போக வேணாம், கேட்டுல நின்னு கூப்பிடு. காலைச் சாய்ச்சு நடந்து ஒருத்தி வருவா, அவதான். கையில கொடு. அக்காவுக்குக் காலு சரியில்லை, அதான் என்கிட்டக் கொடுத்தனுப்பிச்சாங்கன்னு சொல்லிடு.

ஏன் அப்படிப் பாக்கிற?

கேட்டுல நின்னு. கூடையை நீட்டி. காலு சரியில்லைன்னு.

அந்த ஜீப் டிரைவருக்கு அன்னைக்கு நான் ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்கலை கண்ணு. மலையிலேருந்து இறங்கி வந்த மனுஷன். கவரை வாங்கிக்கிட்டுக் கதவைச் சாத்தினேன். எனக்கு முட்டி வலிதான். அவளுக்கு நிஜமாவே ஒடிஞ்சிருந்துச்சு. இன்னும் சாய்ச்சுத்தானே நடக்கிறா.

கூடையை இப்படிக் கொடு. பையையும் கொடு, வளையல் உடைஞ்சுடப்போகுது, மெதுவா. கண்டக்டர் சார், ஏரி ஸ்டாப்புல எனக்கும் நிறுத்துங்க.

நீ கொஞ்சம் முன்னால நட கண்ணு, அந்தக் கேட்டு வரைக்கும். அதுக்கப்புறம் நான் போயிக்கிறேன். இரு, இங்க பாரு. பொட்டு நேரா இருக்கா?